முன்னுரையில் மாறிய பெயர்

இன்று காலை மின்சார வேலைக்காரர் வந்து எங்கள் வீட்டு மெயின் பலகையை மாற்றினார். பழைய வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் நான்கையும் கழற்றிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, "இதெல்லாம் இனிமே வேணாங்க, இப்ப எல்லாமே சுவிட்சு மாதிரி வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே கரி படிந்திருந்தது, எரிந்த கம்பியின் வாடை அடித்தது. அந்த வாடையோடு நீயும் வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாய்.

உனக்குத்தான் இந்தச் சாமான் மேல் என்ன பைத்தியம்! எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரில் இருக்கும் ஃப்யூஸ் கட்டையைத்தான் பார்ப்பாய். கணக்குத் துறைக்காரரின் மகள் கல்யாணத்தில் எல்லோரும் அட்சதை போட எழுந்து நிற்கிறார்கள், நீ என் முழங்கையை இடித்து மண்டபத்து மின்பலகையைக் காட்டுகிறாய். "இது நம்ம செராமிக் எஸ்டேட்டு சரக்குடி. இத அச்சுலேர்ந்து எடுத்து ஸ்பாஞ்சால தொடச்சவ மங்கலம்பேட்டைலேர்ந்து வர்றவளா இருப்பா. அன்னைக்கும் பஸ்ஸ வுட்டுட்டு நின்னிருப்பா." பக்கத்தில் இருந்த அம்மாள் நம் இருவரையும் முறைத்தாள். நான் அட்சதையை உன் தலையில் போட்டேன்.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. அன்றைக்கு உன் வீட்டு வாசலில் நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொல்ல வேண்டுமென்றால், பேராசிரியரை நம் ஊருக்குக் கூட்டிவந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். பாதிக் கதை உனக்கே தெரியும். இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும், பொறுத்துக்கொள்.

விருத்தாசலம் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருந்த நம் சின்னக் கல்லூரியில் நீ பொருளாதாரம் நடத்தினாய். நான் அலுவலகக் கண்காணிப்பாளர், அதுவும் நிரந்தரம் ஆகாதவள். எம்.ஏ. பொருளாதாரம் ஆரம்பித்து இரண்டாம் வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. கிராமமும் நகரமும் சேரும் இடத்தைப் பற்றிய சிறப்புப் பாடம் என்று சொல்லித்தான் அந்த வகுப்புக்கு அனுமதி வாங்கியிருந்தோம். அந்தத் துறையில் பேர் பெற்ற மூத்த பேராசிரியர் ஒருவரை ஆய்வுக் குழு வருவதற்குள் தலைவராக நியமிக்க வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பை மூட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வகுப்பில் முக்கால்வாசி பெண்பிள்ளைகள். திட்டக்குடியிலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் பஸ்ஸில் வந்து போனவர்கள். இங்கே மூடினால் கடலூருக்குப் போய்ப் படி என்று அனுப்ப எந்த வீட்டிலும் ஒப்ப மாட்டார்கள். வீட்டோடு நின்றுவிடுவார்கள்.

அந்தத் துறையைப் பதினோரு வருடம் தூக்கிச் சுமந்தவள் நீ. பொறுப்புத் தலைவர் என்று உன் அறைக்கு வெளியே பலகை தொங்கியது. ஆனால் உன்னிடம் முனைவர் பட்டம் இல்லை. அம்மா படுக்கையில் கிடந்த வருடங்களில் உன் பதிவு காலாவதியாகிப் போயிருந்தது. உனக்கு மேலே உட்கார ஓர் ஆளை நீயே தேட வேண்டிய நிலைமை. வேறு யாராக இருந்தாலும் வயிற்றெரிச்சல் பட்டிருப்பார்கள். நீ துள்ளிக் குதித்தாய். "அப்பிடி ஒருத்தரு வந்தா அவருகிட்டயே பதிஞ்சிக்குவேன்டி. என் சர்வேய படிக்கத் தெரிஞ்ச ஆளு இந்தப் பக்கத்துல வேற யாரு இருக்குது?"

உன் சர்வே! நான்கு வருடம் சாயங்காலமானால் பஸ் ஸ்டாண்டில் நின்று, பீங்கான் பட்டறைகள் இருக்கும் செராமிக் எஸ்டேட்டில் வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும் பெண்களைப் பிடித்துக் கேள்வி கேட்டாய். முதல் மாதம் உன்னைக் கல்யாணத் தரகர் என்று நினைத்தார்கள். அப்புறம் சம்பளம் கூட்டித் தர வந்த ஆபீசர் என்று நினைத்தார்கள். ஊரில் இருந்துகொண்டு ஏன் தினமும் டவுனுக்கு வந்து போகிறீர்கள், இங்கேயே ஹாஸ்டல் கட்டிக் கொடுத்தால் தங்குவீர்களா என்பது உன் கேள்வி. மங்கலம்பேட்டைப் பெண் ஒருத்தி சொன்ன பதிலை நீ முன்னுரையின் முதல் வரியாகவே வைத்தாய். "வூட்டுக்காரரு சவுதியில, நான் ஹாஸ்டல்ல, மாமியாரு வூட்டுல. அப்புறம் குடும்பம்னு எதம்மா சொல்றது?" ஆறரை மணிக்கு ஒரு பஸ் விட்டால் போதும், ஹாஸ்டல் வேண்டாம் என்பதுதான் அந்தப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து உனக்குச் சொல்லிக் கொடுத்த பொருளாதாரம். அதை நீ அட்டவணை அட்டவணையாக எழுதி வைத்திருந்தாய்.

ஆள் தேடும் படலம் என் தலையில் விழுந்தது. முதல் விளம்பரத்திலேயே நான் சொதப்பினேன். விண்ணப்பிக்கக் கடைசித் தேதியைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன். பேப்பரில் விளம்பரம் வந்த அன்று அந்தத் தேதி முடிந்து போயிருந்தது. ஒரு மாதம் பாழ். செயலாளர் ஃபாதர் என்னைக் கூப்பிட்டு, கோபப்படாமல், பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். "இன்னொரு தப்பு நடந்தா வேற ஆள் பாத்துக்கறோம்மா." என் வீட்டுக்காரர் விபத்துக்குப் பிறகு நடக்க முடியாமல் கிடந்த வருடம் அது. வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். ஃபாதர் அறையிலிருந்து வெளியே வந்தபோது எனக்குக் காது அடைத்துக்கொண்டது. நீதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய்.

இரண்டாவது விளம்பரத்துக்கு ஒருவர் வந்தார். வெயிலைப் பார்த்தார், டீ வருவதற்குள் கிளம்பிவிட்டார். மூன்றாவதுக்குத்தான் நம் பேராசிரியரின் கடிதம் வந்தது. சென்னையில் பெரிய இடத்தில் இருந்தவர், பாதியில் விலகியவர். கிராமம், நகரம் என்று இரண்டாகப் பிரித்துக் கொள்கை வகுப்பதே தப்பு என்று எழுதிக்கொண்டிருந்தவர். அவருக்குப் போன பதில்கள் எல்லாம் செயலாளர் கையெழுத்தில் போயின, எழுதியது நீ. அவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். மாலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் எத்தனை பஸ், அதில் எத்தனை பஸ் பெண்கள் ஏறும்வரை நிற்கும் என்று கேட்டார். நீ மறுபடியும் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றாய். கண்டக்டர் ஒருவர் உன்னைச் செக்கிங் ஆபீசர் என்று நினைத்து அவசரமாக டிக்கெட் கிழித்தார். "ஏம்மா, யாரு யாருக்கு இண்டர்வியூ வைக்கிறது? நாம அவருக்கா, அவரு நமக்கா?" என்று ஃபாதர் அலுத்துக்கொண்டார். கடைசியில் நீ உன் சர்வேயின் ஒரு பிரதியையே தபாலில் அனுப்பினாய். நான்காம் நாள் தந்தி போல ஒற்றை வரியில் பதில். வருகிறேன்.

ஆய்வுக் குழு வெள்ளிக்கிழமை. அவர் செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினார். பாலிஷ் போட்ட ஷூ, மடிப்புக் கலையாத சட்டை, தன் தலையணையைத் தானே கொண்டுவந்திருந்தார். நீ அவரை விருந்தினர் அறைக்குக் கூட்டிப் போவாய் என்று நான் காத்திருக்க, நேராக எஸ்டேட்டுக்கும் அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கும் கூட்டிப் போய்விட்டாய். கைக்குட்டையால் சீட்டைத் துடைத்த மனிதர், அந்தச் சீட்டைக் கைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்துவிட்டு மங்கலம்பேட்டை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாராம். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று நீ கேட்டதற்கு, "சின்னவங்க உழைப்ப பெரியவங்க தன் பேர்ல அச்சடிக்கிற இடத்துல என்னால இருக்க முடியலம்மா" என்று சொன்னாராம். நீ மறுநாள் காலையில் என் மேசைக்கு வந்து இதைச் சொன்னபோது உன் முகம் அப்படி மலர்ந்திருந்தது. நான் உன்னைப் பாதிதான் கவனித்தேன். எனக்குத் தலைக்கு மேல் வேலை.

புதன்கிழமை தேர்வுக் குழு கூடி அரைமணி நேரத்தில் அவரைத் தேர்ந்தெடுத்தது. வியாழக்கிழமை மதியத்துக்குள் அவர் பணியேற்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஆய்வுக் குழுவுக்கான கோப்பு மட்டும் பாக்கி. அது முழுக்க, துறைத் தலைவர் என்று வரும் இடமெல்லாம் உன் பெயரில் இருந்தது. நம் கல்லூரி வழக்கம் உனக்குத் தெரியாததா? துறையிலிருந்து வெளியே போகும் ஒரு தாள்கூடத் தலைவர் பெயரில்லாமல் போகாது. விளையாட்டு விழாப் பட்டியல்கூட அப்படித்தான். தலைவர் மாறினால் அலுவலகம் பெயரை மாற்றிவிட வேண்டும். தட்டச்சு இயந்திரமாக இருந்திருந்தால் ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து அடித்திருப்பேன், ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்திருப்பேன். அந்த வருடம்தான் எங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஒரு பெயரைத் தேடி எடுத்து அந்த இடத்திலெல்லாம் வேறு பெயரை வைக்கும் கட்டளையை நான் புதிதாகக் கற்றிருந்தேன். உன் பெயரை அடித்தேன், அவர் பெயரை அடித்தேன், ஒரு பொத்தானைத் தட்டினேன். ஒரு நொடியில் கோப்பு முழுக்க மாறிவிட்டது. எனக்கு அவ்வளவு பெருமை. அச்சடித்து, ஸ்பைரல் போட்டு, மூன்று பிரதிகளை வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அலுவலக உதவியாளரிடம் கொடுத்து ஆய்வுக் குழுவினருக்கு அனுப்பியும் விட்டேன்.

கோப்பின் பின்னிணைப்பில் உன் சர்வே இருந்தது. அதன் அட்டையில், ஒவ்வோர் அட்டவணைக்கும் கீழே, முன்னுரையின் முடிவில் உன் பெயர் இருந்தது. அது எனக்கு நினைவே வரவில்லை.

மதியம் செயலாளர் அறையில் நாம் நான்கு பேர். ஃபாதர், பேராசிரியர், நீ, நான். பணியேற்புக் கடிதத்தை நான் அவர் முன்னால் வைத்தேன். "கோப்ப ஒரு தடவ பாத்துட்டுப் போடறேனே" என்றார். நிதானமாகப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். பின்னிணைப்புக்கு வந்ததும் அவர் கை நின்றது. மறுபடி முன்னால் திருப்பினார், பின்னால் திருப்பினார். பிறகு உன் முன்னுரையை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். "'நான்கு ஆண்டுகள் விருத்தாசலம் பேருந்து நிலையத்தில் நின்று இந்தப் பெண்களோடு பேசினேன். அவர்கள் போகும் பேருந்தில்தான் நானும் என் ஊருக்குப் போகிறேன்.' கீழ என் பேரு." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் இந்த ஊருக்கு வந்து மூணு நாள் ஆகுது, ஃபாதர்."

 ஃபாதர் என்னைப் பார்த்தார்.

"ஏதோ தப்பு நடந்திருக்கும் சார். சரி பண்ணிடலாம்" என்றார் ஃபாதர்.

"ஒரு இடத்துல இருந்தா தப்பு. எல்லா இடத்துலயும் இருந்தா அது யாரோ செஞ்ச வேலை" என்றார் அவர். "யாரு மாத்தினது? அது தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாலு மணிக்கு ரயில் இருக்கு, நான் கிளம்பறேன்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பணியேற்புக் கடிதத்தின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டது. நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. ஃபாதரின் பேனா மூடி வைக்கப்பட்டிருந்தது. அதை மட்டும்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போய்விட்டால் வகுப்பு போயிற்று. நான் சொன்னால் என் வேலை போயிற்று. சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். எண்ணி ஐந்து நொடி இருக்கும்.

"நான்தான் சார் மாத்தச் சொன்னேன்" என்றாய் நீ.

அவர் உன் பக்கம் திரும்பினார். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் உன்னோடு நின்று வந்த மனிதரின் முகம் இல்லை அது. "எதுக்கு?"

"இங்க துறையிலேர்ந்து போற எதுவும் தலைவர் பேர்லதான் சார் போவும். அதான் வழக்கம்."

"முன்னுரை கூடவா?"

நீ தலையைக் குனிந்துகொண்டாய். சம்பளப் பட்டியலில் உன் பெயர் விட்டுப் போன மாதம்கூட நீ யார் முன்னாலும் தலை குனிந்ததில்லை.

அவர் கோப்பை மூடினார். பிறகு, உன் பெயரை உன் இடத்தில் திரும்ப வைத்துப் புதுப் பிரதி எடுக்க வேண்டும், நடந்ததை எழுதி நீ கையெழுத்துப் போட வேண்டும், அதை மறுநாள் ஆய்வுக் குழுவிடம் அவரே கொடுப்பார் என்றார். நீ அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாய். அதைப் படித்த பிறகுதான் அவர் பணியேற்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஃபாதர் பெருமூச்சு விட்டார். நான் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். 

தண்ணீர்த் தொட்டி ஓரமாக உன் கையைப் பிடித்து இழுத்து, "ஏன்டி இப்படிப் பண்ண?" என்றேன். நீ முகம் கழுவிக்கொண்டே சொன்னாய். "என்ன அனுப்பிட்டா நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்குத் துறையில காட்ட ஆளு கெடையாது, அதனால அனுப்ப மாட்டாங்க. உன்ன அனுப்பிட்டா நாளைக்கே வேற ஆளு வந்துடுவாங்க. வுடுடி." ஐந்து நொடியில் நீ அதை யோசித்து முடித்திருந்தாய். நான் என் பயத்தை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். "இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும், நானே அவருகிட்ட சொல்றேன்" என்றேன். "சொல்லிக்கலாம்" என்றாய்.

வெள்ளிக்கிழமை காலை குழு வந்தது. பேராசிரியர் உன் கடிதத்தை அவர்களிடம் நீட்டியபோது நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழுத் தலைவர் படித்துவிட்டு, "யாரு இந்த அம்மா?" என்றார். நீ எழுந்து நின்றாய். உன் வேலையா, அப்புறம் எதற்கு வேறு பெயர் என்று கேட்டார். "என் தவறு சார்" என்றாய். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு சர்வேயைப் புரட்டிக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். நீ ஒன்றுக்கும் தாளைப் பார்க்கவில்லை. எந்த ஊருக்கு எந்த பஸ், எந்த ஷெட்டில் எத்தனை மணிக்கு வேலை விடுவார்கள், எந்தப் பெண்ணுக்கு ரேஷன் கார்டு எங்கே என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். கேள்வி கேட்பதை அவர் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டுச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். வகுப்புக்கு அனுமதி நீண்டது. பிள்ளைகள் தாழ்வாரத்தில் கைதட்டினார்கள்.

அன்று நான் பேராசிரியரிடம் சொல்லவில்லை. எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது எதற்கு என்று நினைத்தேன். அடுத்த வாரமும் சொல்லவில்லை. இதை நீ பயம் என்று மன்னித்துவிடுவாய். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் இரண்டு மாதம் கழித்து நடந்ததற்குப் பயம் என்று பெயர் வைக்க முடியாது.

நீ முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் விண்ணப்பத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாய். என்னிடம் காட்டிவிட்டுத்தான் போனாய், புதுப் புடவை வேறு. ஐந்து நிமிடத்தில் திரும்பிவிட்டாய். அவர் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினாய். "'நீங்க நல்லா பாடம் நடத்தறீங்கம்மா. ஆனா ஆராய்ச்சிக்கு, தான் கண்டத யாருக்கும் விட்டுக் குடுக்காத பிடிவாதம் வேணும். அது உங்ககிட்ட இல்ல. நான் கைடா இருக்க முடியாது.'" சொல்லிவிட்டுச் சிரித்தாய். பிறகு, "ஒரு லீவு ஃபாரம் குடுடி. நாளைக்கு வரல. தலவலி" என்றாய். பதினோரு வருடத்தில் தலைவலி என்று நீ லீவு போட்டதே இல்லை. நான் ஃபாரத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அறை என் மேசையிலிருந்து இருபது அடி. கதவு திறந்துதான் இருந்தது. எழுந்து போய், சார், மாற்றியது நான், என்னைக் காப்பாற்றத்தான் அவள் தன்மேல் போட்டுக்கொண்டாள் என்று சொல்லியிருந்தால் போதும். உன் பட்டம் உனக்குக் கிடைத்திருக்கும். ஆனால் அந்த வாரம்தான் என்னை நிரந்தரம் செய்யும் உத்தரவு ஃபாதர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. உத்தரவு வரட்டும் என்று இருந்தேன். வந்தது. வந்த பிறகு, இத்தனை நாள் கழித்துச் சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று தோன்றியது. வேறு வழிகாட்டியைப் பாரேன் என்று உனக்கே யோசனை வேறு சொன்னேன். எனக்கு எவ்வளவு கொழுப்பு! "இந்த ஜில்லாவுலயே அவரு ஒருத்தருதான்டி இத படிச்சவரு" என்று நீ சாப்பாட்டு டப்பாவை மூடினாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. உன் சர்வேயை உன் பெயரிலேயே சென்னைக்கு அனுப்பிவைத்தார். கூட்டங்களில் உன் பெயரைச் சொல்லித்தான் பேசினார். ஆனால் உன்னிடம் எதையும் நம்பிக் கொடுக்கவில்லை. உன் தாள்களை வாங்கினால் ஒருமுறைக்கு இரண்டுமுறை சரிபார்ப்பார். அதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள், நானும் பார்ப்பேன். நீ மேசை ஓரத்தில் நின்றுகொண்டிருப்பாய். மூன்று வருட ஒப்பந்தம் முடிந்து அவர் சென்னைக்குத் திரும்பிப் போனபோது நீதான் பூங்கொத்து கொடுத்தாய்.

அந்த வியாழக்கிழமைக்கு ஐந்து வருடம் கழித்து, வகுப்பு முடித்துக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்தொன்பது வயது. உன்னிடம் கடைசியாக நான் பேசியது வருகைப் பதிவேட்டில் நீ கையெழுத்துப் போட மறந்ததைப் பற்றி.

இனிமேல் உனக்குத் தெரியாத பகுதி.

சேத்தியாத்தோப்பு தாண்டி உன் ஊரில், உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. நீ ஐஸ் பெட்டிக்குள் இருந்தாய். செராமிக் எஸ்டேட்டுப் பெண்கள் முப்பது நாற்பது பேர் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்கள். "எங்கள நிறுத்தி வெச்சு பேரு கேட்ட டீச்சரு" என்று ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பத்து மணி வாக்கில் பேராசிரியர் வந்தார். சென்னையிலிருந்து விழுப்புரம் வந்து, அங்கிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். அதே பாலிஷ் போட்ட ஷூ, மேலெல்லாம் புழுதி. உனக்கு மாலை போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ரொம்ப நல்ல டீச்சர்மா" என்றார் மெதுவாக. "அந்த ஒரு விஷயத்துல மட்டும் சறுக்கிட்டாங்க. இல்லைன்னா எங்கயோ போயிருப்பாங்க."

உன் முன்னாலேயே சொல்கிறார். நீ படுத்திருக்கிறாய். எழுந்து பதில் சொல்ல முடியாது. எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. "சார், அது நான்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தும்வரை காத்திருந்து முழுவதும் சொன்னேன். கம்ப்யூட்டரில் பெயரை மாற்றியது, பின்னிணைப்பை மறந்தது, ஃபாதர் எச்சரித்திருந்தது, என் வாய் அடைத்துப் போனது, நீ முந்திக்கொண்டது. உன் விண்ணப்பத்தை அவர் திருப்பிக் கொடுத்த நாளில் என் மேசை இருபது அடி தள்ளி இருந்தது என்பதையும் விடவில்லை.  அவர் கையிலிருந்த குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு திரும்பி உன்னிடம் வந்தார். ஷூவைக் கழற்றிவிட்டு, பெட்டியின் கண்ணாடி மேல் கை வைத்து, வகுப்பில் பேசுவது மாதிரி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "அம்மா, நான் உங்கள தப்பா நினைச்சுட்டேன். விசாரிக்காம விட்டுட்டேன். என்ன மன்னிச்சுடுங்க." அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு நிமிடம் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். உன் தம்பி நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவர் உட்காரவில்லை.

போகும்போது என்னிடம் வந்தார். கோபம் இல்லை, குரல்கூட உயரவில்லை. "அவங்க உயிரோட இருக்கும்போது ஏம்மா சொல்லல?" என்று கேட்டார்.  பிறகு பஸ் நிற்கும் பக்கம் நடந்து போய்விட்டார்.

பத்து மாதமாக அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். வேலை என்று சொல்லலாம், முதல் இரண்டு மாதத்துக்கு அது சரி. வெட்கம் என்று சொல்லலாம், அது ஒரு வருடத்துக்குப் போதும். மீதி வருடங்களுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. நீ முகம் சுளித்திருந்தால், ஒரு நாளாவது குத்திக் காட்டியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ எப்போதும் போல இருந்தாய். அது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான் உண்மை.

உண்மை தெரிந்து அரைமணி நேரம்கூட ஆகாத மனிதர், அத்தனை பேர் நடுவே உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். நான் ஐந்து வருடம் தினமும் ஒரு மணிக்கு உன் எதிரே உட்கார்ந்து, உன் டப்பாவிலிருந்து கத்தரிக்காயை எடுத்துத் தின்றுகொண்டிருந்தேன். இப்போது கேட்கிறேன்டி, என்னை மன்னித்துவிடு. யோசிக்காமல் மன்னித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.